தீயைப் படிக்கவும் பிள்ளைகள் வேண்டும்: தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளும் துணைப்பாட வகுப்புகளும் நடத்தும் அமைப்புகளுக்கும், சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களுக்கும், அங்கே ஓடியாடி வேலை செய்யும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிகழ்ச்சிகளில் மருத்துவம், சட்டம், கணினி, தாதிமை, கணக்கியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை போட்டிருக்கிறீர்கள். பேச ஆளும் உட்கார்ந்திருக்கிறார். தீ சம்பந்தப்பட்ட படிப்புக்கு? இருந்தால் ஒரு தலைக்கவசம், ஒரு கனமான மேல்சட்டை, படம் எடுத்துக்கொள்ள ஒரு பின்திரை. பிள்ளைகள் வரிசையில் நின்று மாட்டிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு என்ன பாடம் படிக்கவேண்டும், எங்கே படிக்கலாம், படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் தீப் பாதுகாப்பு மேலாளர். தேசிய சேவையைத் தீயணைப்பும் மீட்பும் செய்யும் குடிமைத் தற்காப்புப் படையில் முடித்தவன். படைக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடவேண்டாம், அந்த வேலையை அவர்களே நன்றாகச் செய்துகொள்கிறார்கள். நான் பேச வந்தது படிப்பைப் பற்றி.

2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே திட்டில் நின்றார்கள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர்களை இறக்கினார்கள். அந்த ஊழியர்களில் பலர் இந்தியர்கள். ஒரு சிறுமியை மட்டும் காப்பாற்ற முடியாமல் போனது. அந்தக் காணொளியை நாம் எல்லாரும் பகிர்ந்தோம், பெருமைப்பட்டோம். பெருமைப்படவேண்டிய செயல்தான். ஆனால் நான் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கேள்வி வரவில்லை: இப்படிப்பட்ட தீயில் மக்கள் படியில் இறங்காமல் ஏன் சன்னலுக்கு வருகிறார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் படிப்புக்குத்தான் தீ அறிவியல் என்று பெயர். பெரும்பாலான தீ விபத்துகளில் ஆளைக் கொல்வது நெருப்புச் சுவாலை இல்லை, புகை. சூடான புகை மேலே எழும்பிக் கூரைக்கு அடியில் தேங்கும். தேங்கத் தேங்க அந்தப் படலம் கீழே இறங்கிக்கொண்டே வரும். சோஃபாவில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் அதில் கலந்திருக்கும். கூரை அருகே வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அறையில் அதுவரை எரியாமல் இருந்த பொருளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் இருப்பவர் பிழைப்பது அரிது. கதவு திறந்திருந்தால் புகை படிக்கட்டு வழியாக மேல்மாடிக்குப் போகும். கீழே இறங்கவேண்டியவருக்கு முன்னால் வழியே இருக்காது.

ஆக, வெளியேற எவ்வளவு நேரம் இருக்கிறது, வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டு கணக்குகள். முதலாவது இரண்டாவதைவிடத் தாராளமாகப் பெரியதாக இருக்கவேண்டும். முதல் கணக்குக்கு வெப்பவியலும் பாய்ம இயக்கவியலும் வேதியியலும் வேண்டும். இரண்டாவதற்கு மனிதர்களைத் தெரிந்திருக்கவேண்டும். எச்சரிக்கை மணி அடித்ததும் யாரும் உடனே எழுந்து ஓடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், பையை எடுப்பார்கள், கணினியை மூடுவார்கள். அப்புறம், அவசர வழி பக்கத்திலேயே இருந்தாலும் உள்ளே வந்த வழியிலேயே வெளியே போக முயல்வார்கள். எங்கள் கட்டடத்துத் தீப் பயிற்சியில் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கட்டடம் வடிவமைக்கும்போதே இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது இந்தப் படிப்பின் ஒரு பாடம்.

துணைப்பாட வகுப்பில் இயற்பியல், வேதியியல் சொல்லித்தரும் உங்கள் ஆசிரியர்களுக்கு ஓர் எண்ணைத் தருகிறேன்: 13.1. மரமோ பிளாஸ்டிக்கோ பெட்ரோலோ, எது எரிந்தாலும் ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 13.1 மெகாஜூல். 1917இல் தோர்ன்டன் என்பவர் இந்த ஒற்றுமையைக் கவனித்து எழுதினார். 1980இல் ஹக்கெட் என்பவர் பலவகைப் பொருள்களை வைத்து அதை உறுதிப்படுத்தினார். இதனால் என்ன லாபம் என்றால், ஒரு நாற்காலியைப் புகைக்கூண்டுக்குக் கீழே எரித்து, மேலே போகும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தாலே அந்த நாற்காலி நொடிக்கு எவ்வளவு வெப்பம் கக்குகிறது என்று சொல்லிவிடலாம். உலகம் முழுவதும் சோதனைக்கூடங்கள் இதைத்தான் செய்கின்றன. வேதியியலை மனப்பாடம் செய்து சலித்துப்போன பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப்பாருங்கள்.

இந்தப் படிப்புக்குப் பாடப்புத்தகம் வெளிநாட்டிலிருந்து வரலாம். உதாரணங்கள் நம் ஊரிலேயே கிடக்கின்றன. 1972 நவம்பர் 21ஆம் தேதி ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் கடை எரிந்தது. இறந்தவர்கள் ஒன்பது பேர், அவர்களில் எட்டுப் பேர் மின்தூக்கியில் சிக்கியவர்கள். தீ நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பலகையை இன்று யாரும் நின்று படிப்பதில்லை. அந்தப் பலகைக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன.

அதைவிட நான் பிள்ளைகளிடம் அதிகம் பேச விரும்புவது துவாஸைப் பற்றி. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸ் அவென்யூ 11இல் ஒரு பட்டறையில் வெடிப்பு. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். இருவர் பங்ளாதேஷைச் சேர்ந்தவர்கள், ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர். அங்கே தயாரானது என்ன தெரியுமா? தீயிலிருந்து காக்கும் உறைக்கான கலவை. அதில் சேர்ப்பதற்காக உருளைக்கிழங்கு மாவு வைத்திருந்தார்கள். கலக்கும் இயந்திரத்தைச் சுற்றியிருந்த எண்ணெய் உறையைச் சூடேற்றியபோது உள்ளே அழுத்தம் ஏறி அது கிழிந்தது, வெளியே பீறிட்ட எண்ணெய் ஆவி வெடித்தது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. கதை அதோடு முடியவில்லை. வெடிப்பின் வேகத்தில் கிளம்பிய மாவு காற்றில் மிதந்து, அதுவும் தீப்பிடித்துப் பல இடங்களில் சுவாலையாகப் பாய்ந்தது.

மாவு எப்படி எரியும் என்று பலர் கேட்கிறார்கள். மூட்டையில் இருக்கும் மாவின்மேல் தீக்குச்சியைப் போட்டால் கருகும், அவ்வளவுதான். அதே மாவு காற்றில் தூசியாகப் பரவி நின்றால் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருக்கும். ஒரு பொறி போதும். சர்க்கரை, மரத்தூள், அலுமினியத் தூள், பால் மாவு எல்லாம் இந்த வகைதான். அந்தப் பட்டறையில் எண்ணெய் உறைக்கு ஓர் அழுத்த வால்வு வேண்டும் என்று கேட்கவும், தரையிலும் சட்டங்களிலும் படிந்த மாவைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லவும் படித்த ஓர் ஆள் இருந்திருந்தால்... சரி, அதை நீட்ட விரும்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து துவாஸிலும் ஜூரோங்கிலும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஆள்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே ஆபத்தை விளக்கத் தெரிந்த தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் நமக்கு இன்னும் தேவை. தமிழ் அமைப்புகளுக்கு இந்த மடலை எழுதக் காரணமும் இதுதான்.

இனி பெற்றோரின் பயம். “தீயணைப்பு வேலையா? வேண்டாம்ப்பா” என்று ஓர் அம்மா மகனை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 டிசம்பர் 8ஆம் தேதி ஹெண்டர்சன் சாலையில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தீயை அணைக்கப் போன முழுநேரத் தேசிய சேவையாளர் ஒருவர் இறந்தார். வயது 19. அதைப் பிள்ளைகளிடம் மறைக்கக்கூடாது. நிலையத்தில் 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்ற முறை இருப்பதையும் மறைக்கக்கூடாது. தீபாவளியன்று பணியிருந்தால் வீட்டுக்கு வரமுடியாது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லுங்கள். தீ அறிவியல் படித்த எல்லாரும் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதில்லை. நம் சட்டப்படி, குடியிருப்பு அல்லாத கட்டடம் ஒன்பது மாடி அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 5,000 சதுர மீட்டர் பரப்பு இருந்தாலோ, 1,000 பேர் கூடும் இடமாக இருந்தாலோ அங்கே ஒரு தீப் பாதுகாப்பு மேலாளர் இருக்கவேண்டும். ஷென்டன் வேயில் நின்று சுற்றிலும் பாருங்கள், எத்தனை மேலாளர்கள் தேவைப்படுவார்கள் என்று. புதுப்பிப்புப் பணி முடிந்த கடையைப் பதிவுபெற்ற ஆய்வாளர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். வழக்கமான விதிக்குள் அடங்காத வடிவமைப்பு என்றால், இத்தனை நிமிடத்தில் புகை இவ்வளவுதான் இறங்கும் என்று கணக்குப் போட்டு நிரூபிக்கத் தீப் பாதுகாப்புப் பொறியாளர் வேண்டும். செயல்திறன் அடிப்படையிலான இந்த முறை இங்கே 2004இலிருந்து இருக்கிறது. இவை தவிர ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகள், எம்ஆர்டி சுரங்கப்பாதை, சாங்கி விமான நிலையத்தின் அவசரச் சேவை, காப்புறுதி நிறுவனம், தீ எப்படி மூண்டது என்று சாம்பலைக் கிளறிக் கண்டுபிடிக்கும் புலனாய்வு. கணினியில் மட்டுமே வேலை செய்யப் பிடிக்கும் பிள்ளைக்கும் இடம் உண்டு. தீ பரவுவதை உருவகிக்கும் மென்பொருளை அமெரிக்காவின் தர நிர்ணய ஆய்வகம் 2000ஆம் ஆண்டிலேயே இலவசமாக வெளியிட்டது, வீட்டுக் கணினியிலும் ஓட்டிப்பார்க்கலாம்.

வேலை வற்றிப்போகுமோ என்ற சந்தேகம் எனக்கு இல்லை. நாம் உயரமாகக் கட்டுகிறோம். 40 மாடியைத் தாண்டும் குடியிருப்பில் 20 மாடிகளுக்கு ஒரு புகலிடத் தளம், அதாவது தீ நேரத்தில் மக்கள் ஒதுங்கி நிற்க ஒரு தளம், வேண்டும் என்பது விதி. தண்ணீரை 10 மீட்டர் மேலே தள்ள ஏறத்தாழ 1 பார் அழுத்தம் போய்விடும். அதனால்தான் 60 மீட்டர் வரை வறண்ட குழாய் போதும், தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். அதற்கு மேல் எப்போதும் தண்ணீர் நிறைந்த குழாயும் கட்டடத்துக்குச் சொந்த பம்பும் வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் திறந்த கயா கட்டடம் பெரும்பகுதி மரத்தாலானது. கெட்டியான மரம் எரியும்போது வெளிப்புறம் கரியாகி உள்ளே இருப்பதைக் காக்கும், நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியாகும். உத்தரத்தைக் கணக்கிட்டுத் தடிமனாக வைப்பது அதனால்தான். இதற்கிடையே மின்ஸ்கூட்டர் பேட்டரிகள். லித்தியம் பேட்டரி ஒன்று சூடேறத் தொடங்கினால் தன் வெப்பத்தாலேயே மேலும் சூடாகும், அணைத்த பிறகும் திரும்பப் பற்றும். தீப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத மின்ஸ்கூட்டர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து தடை இருக்கிறது. மின்கார்கள் அடித்தளத்தில் மின்னேற்றம் செய்யும் காலம் இது. இதற்கெல்லாம் விடை எழுதவேண்டியவர்கள் இன்று உயர்நிலை மூன்றில் இருக்கிறார்கள்.

எங்கே படிப்பது என்பதில் பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இங்கே இந்தத் துறைக்கு வந்த பலர் இயந்திரவியல், கட்டடவியல், மின்னியல் அல்லது வேதிப் பொறியியல் படித்துவிட்டுப் பின்னால் தீப் பாதுகாப்பில் சிறப்புத் தகுதி பெற்றவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பொறியியல் சார்ந்த படிப்பில் சேர்ந்தாலே முதல் படி ஏறியாயிற்று. தொடக்கக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை கணிதத்தையும் இயற்பியலையும் விடக்கூடாது. நேரடியாகத் தீப் பொறியியலே வேண்டும் என்றால் எடின்பரோ, சுவீடனின் லுண்ட், அமெரிக்காவின் மேரிலண்ட், நியூசிலாந்தின் கேன்டர்பரி, ஹாங்காங் பாலிடெக்னிக் ஆகிய பல்கலைக்கழகங்கள் பெயர்பெற்றவை. இந்தியாவில் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பும் தீப் பொறியியலும் பி.டெக் படிப்பாக உண்டு, நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டணத்தை நினைத்தால் தலைசுற்றும், தெரியும். உபகாரச் சம்பளம் பற்றி விசாரிக்கும் வழியையும் அதே மேசையில் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் நிகழ்ச்சிக்கு வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமார்களும் வருகிறார்கள் இல்லையா? அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் “ஃபயர் அண்ட் சேஃப்டி” டிப்ளோமா விளம்பரம் தொங்குகிறது, சிங்கப்பூர் வேலை உறுதி என்று. ஊரில் இருக்கும் தம்பியைச் சேர்க்கக் கடன் வாங்குகிறார்கள். அந்தச் சான்றிதழை மட்டும் காட்டி இங்கே பாதுகாப்பு அதிகாரியாகப் பதிவு செய்துவிட முடியாது. மனிதவள அமைச்சு கேட்கும் தகுதிப் படிப்பும் அனுபவமும் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் எத்தனையோ குடும்பங்களின் கடன் மிச்சமாகும்.

இன்னொரு வேண்டுகோள், கொஞ்சம் கோபத்தோடு. மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து, “சீருடை வேலை ஏதாவது பாரேன்” என்று ஆலோசனை சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். தீயணைப்பாளரையும் அது அவமதிக்கிறது, அந்தப் பிள்ளையையும் அவமதிக்கிறது. கணிதத்தில் கெட்டிக்காரியான பெண்பிள்ளையிடம் இந்தப் படிப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதே இல்லை. படையிலும் பெண்கள் இருக்கிறார்கள், கட்டட ஆலோசனை நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், கூப்பிட்டால் வருவார்.

ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் மத்திய தீயணைப்பு நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகிறீர்கள், நல்லது. அங்கே உள்ள மரபுடைமைக் காட்சிக்கூடத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. அதோடு பிள்ளைகளை அவரவர் புளோக்கிலும் ஒரு நடை விடுங்கள். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்கிறதா என்று அளந்து வரட்டும். நம் வீட்டு வாசலில் செருப்பு அலமாரி, கறிவேப்பிலைத் தொட்டி, பழைய சைக்கிள் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கட்டும். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமாகிவிட்ட புகை எச்சரிக்கைக் கருவி தங்கள் வீட்டில் இருக்கிறதா, இருந்தால் தாளிக்கும்போது அலறுகிறது என்று யாராவது பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவரட்டும். வந்து எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளில் யாருக்கு இதில் ஆர்வம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது இது. எங்கள் கட்டடத்தின் தீக் கட்டுப்பாட்டு அறையையும் ஸ்பிரிங்க்ளர் பம்ப் அறையையும் மாணவர்களுக்குக் காட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஜூன் விடுமுறையில் சனிக்கிழமை காலைகளில் வரலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், பம்ப் அறை சிறியது. மூடிய காலணி போட்டு வரவேண்டும். பெற்றோர் கூட வந்தால் இன்னும் நல்லது. உங்கள் அடுத்த நிகழ்ச்சியில் மேசை போட்டுக் கொடுத்தால் நானும் என் சகாக்கள் இரண்டு மூன்று பேரும் வந்து உட்காருகிறோம். தலைக்கவசம் கொண்டுவர மாட்டோம், ஒரு மடிக்கணினியும் ஒரு கட்டட வரைபடமும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தீப் பாதுகாப்பு மேலாளர் ஒருவர்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்